நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும் அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியைத் தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறை மலையோரக் கிராமங்களில் அவ்வப்போது அறிவிக்கிறது. முகம் காட்ட அஞ்சி, ஊர் எல்லையில் இரவோடு இரவாகப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இந்த முயற்சியை மனதார வரவேற்கிறேன். என் சித்தப்பாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. இரும்புக் குழாயில் கரிமருந்தை இடித்துப் பால்ரஸ் எனும் சிறு இரும்புக் குண்டுகளைப் போட்டு அவர் விசையை இழுத்த இரவில், மருந்து சற்றுக் கூடிப்போய்க் குழாயே வெடித்துவிட்டது. வைத்திருந்ததற்கு வழக்கு வரும் என்று பயந்து, மருத்துவமனையில் பட்டாசு வெடித்த காயம் என்றே சொன்னோம்.

ஆனால் துப்பாக்கியை ஒப்படைத்தவரின் கொல்லைக்கு மறுநாள் இரவும் காட்டுப்பன்றி வருகிறது. நிலக்கடலை காய் பிடித்திருக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கிவிட்டால், விடியும்போது செடிகள் வேரோடு பெயர்ந்து கிடக்கும். ஏர் ஓட்டியதுபோல மண் கிளறப்பட்டிருக்கும். அந்தக் கொல்லையின் வரப்பில் நிற்கிறவர் அடுத்து நாடுவது இன்னொரு குழாயை, அல்லது அதைவிடக் கொடிய அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியை.

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இவரை மறந்துவிடவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புத் தேவைக்கு, குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க அதன் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. காவல் நிலைய அறிக்கை உரிய காலத்தில் வராவிட்டால், அதற்காகக் காத்திராமல் முடிவெடுக்கும் அதிகாரத்தையும் உரிமம் வழங்கும் அலுவலருக்குத் தருகிறது. இருந்தும் எங்கள் ஊரில் முறையாக விண்ணப்பித்த ஒருவருக்கு, ஆண்டுகள் கடந்தும் உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு வரி பதில் வரவில்லை. தேர்தல் வந்தால் உரிமம் பெற்றவர் தம் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் வைக்கிறார். உரிமமில்லாத துப்பாக்கியோ எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் கூரைக்குள் செருகிக் கிடக்கிறது.

துப்பாக்கிகள் பெருக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமமின்றி வைத்திருப்பவருக்கான தண்டனையை 2 முதல் 5 ஆண்டுகளாக உயர்த்தியது. சட்டவிரோதமாகத் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்று வைத்தது. சட்டமே காட்டும் இந்த வேறுபாடு களத்திலும் தெரிய வேண்டும். குழாயை வடித்துக் கொடுப்பவரையும் மருந்து விற்பவரையும் தேடிப் பிடிக்காமல், வாங்கிய உழவரை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஒப்படைப்பு முகாம்களுக்கு முடிவே இராது.

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அரசு 2025 ஜனவரியில் ஆணையிட்டது. காட்டை ஒட்டியே வாழும் எங்களுக்கு அதனால் பயனில்லை. ஆகவே அடுத்த ஒப்படைப்பு முகாமில் காவலருடன் வனத்துறை, வேளாண்துறை அலுவலர்களும் உட்காரட்டும். துப்பாக்கியை வைத்துவிட்டுப் போகிறவரின் பயிர்ச்சேத மனு அதே மேசையில் பதிவாகட்டும். நிலுவையிலுள்ள உரிம விண்ணப்பங்களுக்கு அன்றே எழுத்தில் பதில் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மலையடிவாரத்து உழவர் வீட்டுப் பிள்ளை