போட்ஸ்டாமர் பிளாட்ஸை வித்தவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெர்லின் செனட்ல, அதாவது நகர அரசுல, நகர வளர்ச்சித் துறையைப் பார்த்துக்கிறவங்களுக்கு வணக்கம்.

பெர்லின் நடுவுல இருக்கற போட்ஸ்டாமர் பிளாட்ஸ் சதுக்கத்தை போர்ல குண்டு அழிச்சுது, அப்புறம் பெர்லின் சுவர் அழிச்சுது, அதெல்லாம் சரி, ஆனா 1990ல அவசர அவசரமா நிலத்தை வித்தீங்களே, அதைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல, அதான் எழுதறேன்.

1920கள்ல டிராமும் பஸ்ஸும் காருமா அங்க அப்படி ஒரு நெரிசல், அதனாலதான் 1924லயே அஞ்சு பக்கமும் விளக்கு வச்ச டிராஃபிக் டவர் ஒண்ணு நட்டாங்க. ரெண்டாம் உலகப் போர்ல பெரும்பகுதி இடிஞ்சு போச்சு. அப்புறம் ஜெயிச்ச நாடுகள் நகரத்தைப் பங்கு போட்டப்போ, ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன்னு மூணு பேரோட எல்லையும் அதே இடத்துல முட்டிக்கிச்சு. சனம் விடுமா? அங்கயே கள்ளச்சந்தை போட்டுச்சு, ஒரு பக்க போலீஸ் வந்தா ரோட்டைத் தாண்டி அடுத்த பக்கம் போய் நின்னுக்கலாம், அவ்வளவுதான் விஷயம். 1953 ஜூன் 17 கிழக்கு ஜெர்மனி தொழிலாளர் கிளர்ச்சில அங்க இருந்த கொலம்பஸ்ஹவுஸ்ங்கற பெரிய கட்டடம் எரிஞ்சது. 1961ல நகரத்தை கிழக்கு, மேற்குன்னு பிரிச்ச சுவர். பூமிக்குக் கீழ மேற்கு ரயில் ஓடும், ஆனா அந்த ஸ்டேஷன்ல நிக்காது. (80கள்ல கிழக்கு பெர்லின்ல வந்து இறங்கி மேற்குக்கு வந்த ஈழத்து ஆளுங்கள்ல சிலர் அந்த இருட்டு ஸ்டேஷனைத் தாண்டிதான் போயிருப்பாங்க.)

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1988 கதைதான். லென்னே முக்கோணம்னு ஒரு துண்டு நிலம், சொந்தம் கிழக்குக்கு, ஆனா கிடந்தது சுவருக்கு மேற்குப் பக்கம். அங்க ரோடு போடக்கூடாதுன்னு கூடாரம் போட்டு உக்காந்த பசங்களை மேற்கு போலீஸால தொட முடியல. ஜூலை 1ல நிலம் மேற்குக்குக் கைமாறுச்சு, போலீஸ் உள்ள வந்துச்சு, உடனே சுமார் 200 பேர் சுவரேறி கிழக்குக்குக் குதிச்சுட்டாங்க! கிழக்குக் காவல்காரங்க காலை டிபன் குடுத்து திருப்பி அனுப்பி வச்சாங்க. சுவரை எதிர்ப்பக்கமா தாண்டுனவங்க இவங்க.

இவ்வளவு ஆனதுக்கு அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க? கார் கம்பெனி டெய்ம்லர் பென்ஸுக்கு 1990லயே நிலத்தை முடிச்சாச்சு, நகர வடிவமைப்புப் போட்டி நடந்தது 1991ல. பொண்ணைக் கட்டிக்குடுத்துட்டு ஜாதகம் பார்த்த கதை. விலை ரொம்ப மலிவுன்னு அப்பவே சண்டை. கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ டெய்ம்லருக்குப் போட்ட பிளான், இன்னொரு கலைஞர் ஹெல்முட் யான் சோனி கம்பெனிக்கு வடிவமைச்ச சோனி சென்டர் கூரை, இதையெல்லாம் நான் குறை சொல்லல, கூரை நிஜமாவே அழகு. ஆனா 2008 வாக்குல டெய்ம்லரும் சோனியும் வித்துட்டு கிளம்பிட்டாங்க. சோனி சென்டர் சினிமா தியேட்டரும் 2019 கடைசில மூடியாச்சு. ஓனர் மாறிக்கிட்டே இருந்தா, கேள்வி கேக்கணும்னா ஊர்க்காரன் யாரைப் போய் கேக்கறது?

பழைய ஏர்போர்ட்டான டெம்பெல்ஹோஃப் திடல்ல வீடு கட்டக்கூடாதுன்னு 2014ல மக்கள் ஓட்டுப் போட்டும் அந்தப் பேச்சை நீங்க திரும்பத் திரும்ப எடுக்கறீங்க, அதனால கேக்கறேன். நகரத்துக் கையில இருக்கற நிலத்தை இனி விக்காதீங்க, வேணும்னா நீண்டகாலக் குத்தகைக்கு விடுங்க, அதுவும் பிளானை மக்கள் முன்னாடி வச்சு முடிவானதுக்கு அப்புறம். பதில் ஜெர்மன்ல போட்டாலும் பரவாயில்ல, படிச்சுக்குவேன்.

இப்படிக்கு,
பெர்லின்ல வரி கட்டற ஒரு தமிழன்