தட்டுவதற்கு முன் நான்கு நிமிடம் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கையடக்க கேம்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் ‘கோஸ்ட் ட்ரிக்: ஃபாண்டம் டிடெக்டிவ்’ என்ற புதிர் கேம் இடம்பெற்றிருந்தது மகிழ்ச்சி. ஆனால் ‘கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிக்கொண்டே இருந்தால் புதிர் அவிழ்ந்துவிடும், சிக்கினால் யூடியூபில் விடை இருக்கிறது’ என்ற யோசனை, புதிதாக விளையாட உட்காருபவரை முதல் அரைமணி நேரத்திலேயே சலிப்படைய வைத்துவிடும். தட்டிப் பார்த்து ஜெயிக்கிற கேம் இல்லை இது. நேரம் பார்த்து ஜெயிக்கிற கேம்.

கதாநாயகன் சிஸல் முதல் காட்சியிலேயே பிணம். தான் யார், தன்னை யார் கொன்றது என்று எதுவும் நினைவில் இல்லாத ஆவி. விடிவதற்குள் விடை தெரியாவிட்டால் ஆவியும் கரைந்துபோகும். அவனால் முடிந்தது, உயிரற்ற பொருள்களுக்குள் புகுந்து அதில் ஒரே ஒரு சின்ன வேலை செய்வது. திறக்கும் பொருளைத் திறக்கலாம், சுழலும் பொருளைச் சுழற்றலாம். உயிரோடு இருப்பவர்மேல் கை வைக்க முடியாது. சமீபத்தில் இறந்தவரின் உடலுக்குள் புகுந்தால் மட்டும், அவர் சாவதற்கு நான்கு நிமிடம் முன்னால் போய் விதியை மாற்றலாம்.

கட்டுரையாளர் குழம்பியது இந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது. கேமில் இரண்டு நிலைகள் உண்டு. ‘கோஸ்ட்’ பட்டனை அழுத்தினால் காட்சி சிவப்பு படர்ந்து உறைந்துவிடும், கடிகாரம் நகராது. அப்போது ஒரு பொருளின் மையப்புள்ளியிலிருந்து இன்னொரு பொருளின் புள்ளிக்கு ஸ்டைலஸால் (திரையில் தொடும் பேனாவால்) இழுத்துத் தாவலாம். எட்டும் தூரம் மிகக் குறைவு. ‘ட்ரிக்’, அதாவது பொருளுக்குள்ளிருந்து செய்யும் அந்தச் சின்ன வேலை, நடப்பது உயிருள்ளவர்களின் உலகத்தில், அதாவது நேரம் ஓடும்போதுதான். ஆகவே தாவுவதற்கு அவசரமே தேவையில்லை; எந்த நொடியில் உறைய வைப்பது என்பதில்தான் மொத்தப் புதிரும் இருக்கிறது.

பலர் மாட்டுவது இப்படி: வலப்பக்கம் ஒரு பொருள் தெரிகிறது, எட்டவில்லை. நடுவில் வேறு பொருளும் இல்லை. ‘வழியே இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். வழி அசையும் பொருளில் இருக்கும். உருண்டு வருவதோ, ஒருவர் கையில் எடுத்துப் போவதோ, ஊசலாடுவதோ உங்கள் பக்கம் நெருங்கும் நொடியில் காட்சியை உறைய வைத்து அதில் ஏறிக்கொள்ள வேண்டும். பிறகு நேரத்தை ஓடவிட்டால் அதுவே உங்களைச் சுமந்துபோகும். இறங்குவதிலும் இதே கணக்கு. ஒரு நொடி தாமதித்தாலும் அது அடுத்த புள்ளியைத் தாண்டிவிடும்.

அதனால் முதல் நான்கு நிமிடத்தை ஒன்றையும் தொடாமல் ஓடவிடுவதுதான் நல்லது. யார் எந்தப் பொருளை எப்போது நகர்த்துகிறார், எது எதன் அருகில் வருகிறது என்று கவனியுங்கள். நஷ்டம் ஒன்றுமில்லை. தோற்றால் நான்கு நிமிடம் முன்னாலிருந்து மறுபடி தொடங்கலாம். இத்தனை முறைதான் தோற்கலாம் என்ற உயிர் எண்ணிக்கையும் கிடையாது. பாதி விதி மாறிவிட்டால் அதற்குப் பின்னாலிருந்து தொடரவும் விடுகிறது. தொடக்கத்தில் குப்பைக் கிடங்கில் லின் என்ற பெண்ணைத் துப்பாக்கிக்காரனிடமிருந்து காப்பாற்றும் கட்டம் இதற்கு நல்ல பயிற்சி. மேலே தொங்கும் பெரிய இரும்புக் குண்டை முதல் சுற்றிலேயே பார்த்து வைத்தவர், இரண்டாம் சுற்றில் எதை நோக்கி நகர வேண்டும் என்று தெரிந்தே நகர்வார்.

தொலைபேசியையும் விட்டுவிடாதீர்கள். சிஸல் ஊரைச் சுற்றுவது போன் கம்பி வழியாகத்தான், அதுவும் எண் தெரிந்த இடங்களுக்கு மட்டும். யாராவது பேசும்போது அந்தப் போனுக்குள் இருந்தால் மறுமுனை பிடிபடும். பின்பாதியில் துணைக்கு வரும் இன்னொரு ஆவிக்கு, ஒரே வடிவமுள்ள இரண்டு பொருள்களை இடம் மாற்றும் சக்தி உண்டு. அதன்பிறகு அறையில் வட்டமாக எது, நீளமாக எது என்று பார்க்கப் பழக வேண்டும். அது யார் என்று சொல்ல மாட்டேன்.

வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. ‘ஏஸ் அட்டர்னி’ என்ற வழக்கறிஞர் கேம் தொடரைத் தந்த ஷூ டகுமி, கேப்காம் நிறுவனத்துக்காக இயக்கிய இது 2010இல் ஜப்பானில் நின்டெண்டோ டிஎஸ் என்ற இரட்டைத் திரைக் கையடக்கக் கருவிக்கு வந்தது. மெருகேற்றிய பதிப்பு 2023 ஜூன் 30 அன்று ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கேம் கருவிகளுக்கும் கணினிக்கும் வந்தது. புதியதில் அசைவுகள் இன்னும் வழவழப்பு. ஆனால் படம் அகலம் குறைந்த பழைய 4:3 அளவிலேயே இருப்பதால் இருபக்கமும் பட்டை தெரியும். அது பழுதல்ல. பழைய டிஎஸ்ஸில் ஆடுவோர் இழுத்த புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளி பிடிபட்டால், கேமைத் திட்டுவதற்கு முன் கருவியின் செட்டிங்ஸில் டச் ஸ்கிரீனைச் சரிசெய்து பாருங்கள். டிஎஸ் கார்டை, அதற்குப் பின் வந்த கருவியான 3டிஎஸ்ஸில் போட்டால் படம் மங்கலாகத் தெரியும். ஸ்டார்ட் அல்லது செலக்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கேமைத் திறந்தால், சின்னதாக ஆனாலும் கூர்மையாக வரும். வசனம் முழுக்க எழுத்துதான்; குரல் இல்லை, தமிழும் இல்லை. பல குறிப்புகள் அந்த வசனத்துக்குள்தான் இருக்கின்றன. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்கு வாங்கினால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசித்துச் சொல்வது அவசியம்.

கடைசியாக ஒரு வருத்தம். சிஸல் உண்மையில் யார் என்பதைக் கட்டுரையின் நான்காம் பத்தியில் அரைவரியில் போட்டு உடைத்துவிட்டீர்கள். கேம் முழுக்கக் கட்டிக் காக்கிற முடிச்சு அது. அச்சில் போனதை இனி ஒன்றும் செய்ய முடியாது. இணையப் பதிப்பிலாவது அந்த அரைவரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை