லியோகாங்கிலிருந்து முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வாரம் ஒரு ஊர், எல்லாம் வேனிலேயே கழிந்ததில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது ஆஸ்திரியாவில் லியோகாங் என்ற மலையூரில் இருக்கிறேன். போட்டி நேற்றுதான் முடிந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்து நிம்மதியாக இருந்தது.

உன் பையன் என்னைப்போல சைக்கிள் ரேஸ் மெக்கானிக் ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தாய். அதைத்தான் நாலு நாளாக யோசிக்கிறேன்.

எங்களுடையது டவுன்ஹில், அதாவது மலையிறங்கும் சைக்கிள் பந்தயம். மலை உச்சியிலிருந்து கீழே ஒரே ஓட்டம், மூன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். வழியில் என்ன ஆனாலும் நாங்கள் கை வைக்க முடியாது. முன் ஃபோர்க் 20 சென்டிமீட்டர் அமுங்கும். டயரில் டியூப் கிடையாது, உள்ளே ஓட்டையை அடைக்கிற பால் மாதிரி சீலன்ட்தான். முன்னால் 23, பின்னால் 26 பி.எஸ்.ஐ. காற்று. மழை வந்தால் அதிலும் கொஞ்சம் குறைப்போம். நாம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த இடத்தில் இங்கே டிஜிட்டல் கேஜ். ஆனால் வீலில் கோட்டம் எடுப்பது அப்படியே நம்ம கடை வேலைதான். பெரியவர் போக்ஸ் கம்பியை விரலால் சுண்டிவிட்டுக் காதைச் சாய்ப்பாரே, நானும் முதலில் சுண்டிக் கேட்டுவிட்டுத்தான் இறுக்கம் அளக்கிற மீட்டரை வைக்கிறேன். ஒரே பக்கத்துக் கம்பிகளில் ஒன்று மட்டும் மந்தமாகச் சத்தம் கொடுத்தால் அதற்குமேல் கை தானாகக் கம்பியை இறுக்குகிற நிப்பிளுக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உன் பையனிடமும் சொல். பயிற்சி ஓட்டங்களுக்கு நடுவே அவசரமாகப் பின் பிரேக்கின் ஆயிலில் புகுந்த ஏரை எடுத்தேன். பிரேக் பேடைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஆயில் ஏற்றவேண்டும். நேரமில்லை என்று பேடைக் கழற்றாமலே விட்டுவிட்டேன். அதில் ஒரு சொட்டு ஆயில் பட்டிருக்கிறது. எங்கள் அணியிலேயே சின்னவன், பத்தொன்பது வயசு, முதல் வளைவிலேயே பிரேக் பிடிக்காமல் வேலியில் போய் விழுந்தான். தோள்பட்டை சிராய்ப்போடு போயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் என்னைத் திட்டவில்லை. "காலையில் ரெடியாகிவிடுமா?" என்றுதான் கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி புது டிஸ்க், புது பேட் போட்டேன். புது பேட் உடனே பிடிக்காது, பழக்கவேண்டும். வேகமெடுத்து, முழுக்க நிற்காமல் பிரேக்கை அழுத்தி விட்டு, மறுபடி வேகமெடுத்து, இப்படி முப்பது தடவை. தூறலில் கார் நிறுத்துமிடத்தில் நானே ஓட்டினேன். முதலில் வழுக்குகிற மாதிரி இருக்கும். பதினைந்தாவது தடவைக்கு மேல் லீவரில் ஒரு கடி தெரியும். அது தெரிந்த பிறகுதான் சாப்பிடப் போனேன்.

இதே லியோகாங்கில் 2015-ல் ஆரன் க்வின் என்ற அமெரிக்க வீரருக்குக் கிளம்பியவுடனேயே செயின் அறுந்துவிட்டது. பெடலே மிதிக்காமல் இறங்கி நூலிழையில் ஜெயித்தார். ஓட்டின திறமையை எல்லோரும் இன்னும் பேசுகிறார்கள். பேசவேண்டியதுதான். எனக்கு மட்டும் அவருடைய மெக்கானிக் ஞாபகம் வரும். அந்த மூன்றரை நிமிஷம் அவருக்கு எப்படிப் போயிருக்கும்!

நேற்று நானும் மேலே நின்றேன். டயர் காற்றைப் பார்த்தேன், ஆக்சிலைப் பார்த்தேன், இரண்டு லீவரையும் அழுத்திப் பார்த்தேன். எங்கள் சின்னவன் சைக்கிளைப் பார்க்கவே இல்லை, பாதையைத்தான் பார்த்தான். அதுதான் எனக்குக் கூலி. பதினெட்டாவதாக வந்தான். அவன் வந்ததிலேயே நல்ல இடம் இதுதான்.

சம்பளம் சீசனுக்குத்தான். தூக்கம் குறைவு. சேறு படிந்த சைக்கிளை ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கழுவவேண்டியிருக்கும். இதையெல்லாம் கேட்ட பிறகும் உன் பையன் வருகிறேன் என்றால் வரட்டும். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன். அதற்குள் பழைய ரிம் ஒன்று, கம்பி, நிப்பிள் எல்லாம் அவனிடம் கொடுத்து வை. நீ கிட்டப் போகாதே. அவனே வீல் கட்டட்டும். நான் வந்து சுண்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
செல்வம்