மீனா அக்காவிடம் இதைச் சொல்லிவிடாதே

அன்புள்ள குருவி,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி, வழக்கம்போல் டாக்டர் மேல்தான் கோபம். உன் மகன் வேலை மாறியதைப் பற்றி அப்புறம் பேசலாம். நேற்று போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை, அதற்காகத்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் "சரி சரி" என்று பாதியில் வெட்டிவிடுவாய்.

"கத்தி வெச்சதாலதான் பரவிடுச்சு" என்றாய். என்னிடம் சொன்னதோடு நிற்கட்டும் குருவி. ஆறு வருஷத்துக்கு முன்னால், மாமா தயங்கி நின்றபோது, மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று முடிவெடுத்தது அக்காதான். இப்போது இடுப்பு எலும்பில் பரவித் தெரிவது அந்த முடிவால் வந்தது என்று அக்கா ஒரு நாள்கூட நினைக்கக் கூடாது. அது உண்மையும் இல்லை.

பரவுவது எப்படித் தொடங்குகிறது என்று சொல்கிறேன். மார்பகத்தில் பால் குழாய்களின் உட்புறச் செல்கள் பக்கத்துச் செல்லோடு ஒட்டியே இருப்பவை. ஈ-கேடெரின் என்ற புரதம் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. புற்றுநோய்ச் செல்களில் சில அந்தப் புரதத்தைக் குறைத்துக்கொண்டு, நீண்ட உருவத்துக்கு மாறி, ஊர்ந்து நகரத் தொடங்குகின்றன. இதற்கு மரபணு புதிதாகக் கெட வேண்டும் என்றுகூட இல்லை. எந்த மரபணு வேலை செய்வது, எது அடங்கியிருப்பது என்பது மாறினாலே போதும். இதைக் கருவியல் வகுப்பிலேயே படித்தோம். கருவில் நரம்புக் குழாயின் ஓரத்திலிருந்து பிரிந்து போகும் நியூரல் கிரெஸ்ட் செல்கள் இடம்பெயர்வதும் இப்படித்தான். (அந்தக் கேள்விக்கு நீ எழுதிய விடையை மேடம் வகுப்பில் வாசித்தது ஞாபகம் இருக்கிறதா?) ஹார்வர்டில் எலிசபெத் ஹே கண் லென்ஸின் செல்களைக் கொலாஜன் என்ற புரதக் கூழில் வைத்து, அவை உருமாறி நகர்வதை 1982இல் காட்டினார். கரு வளரும்போது உதவும் ட்விஸ்ட் என்ற மரபணுவை எலிகளின் மார்பகப் புற்றில் அடக்கியபோது நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது என்று 2004இல் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகம் கண்டது. நம்மை உருவாக்கிய அதே வழியை நோய் எடுத்துக்கொள்கிறது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாச் செல்லும் முழுதாக மாறிவிடுவதும் இல்லை. பாதி மாறி, பாதி ஒட்டிக்கொண்டே கூட்டமாகப் போகிறவையும் உண்டு. போன இடத்தில் பழைய நிலைக்குத் திரும்பிப் பெருகுகிறவையும் உண்டு. மாறிய நிலையில் இருப்பவை கீமோவுக்கு எளிதில் மசிவதில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஆனால் ரத்தத்தில் இறங்கியதெல்லாம் பிழைப்பதில்லை. ஐசையா ஃபிட்லர் 1970இல் எலிகளுக்குள் செலுத்திய புற்றுச் செல்களில் ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு நிலைக்கவில்லை. லண்டனில் ஸ்டீபன் பேஜட் 1889இலேயே, மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். மார்பகப் புற்றுக்கு எலும்பு அப்படிப்பட்ட மண். அங்கே போன செல்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு கரையும்போது வெளிவரும் பொருள்கள் புற்றையே வளர்க்கின்றன. அக்காவுக்குப் போடப்போகும் ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசி அந்தக் கரைப்பைத் தடுக்கத்தான்.

இனி உன் கத்திக்கு வருகிறேன். ஆரம்ப நிலை மார்பகப் புற்று உள்ள 4,700க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. நோயைக் கண்டுபிடித்த சமயத்திலேயே சுமார் 30 சதவீதம் பேரின் எலும்பு மஜ்ஜையில் புற்றுச் செல்கள் இருந்தன. அவர்களில் பலருக்கு நோய் திரும்பவும் இல்லை. அக்காவுக்கும் ஆபரேஷனுக்கு முன்பே ஒன்றிரண்டு போய்ச் சேர்ந்து, இத்தனை வருஷம் பெருகாமல் உறங்கிக் கிடந்திருக்கலாம். கட்டியை விட்டுவைத்திருந்தால் இன்னும் எத்தனையோ போயிருக்கும். அக்கா சரியாகத்தான் முடிவெடுத்தாள்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய முள்சீத்தா இலைக் கஷாயத்தை அக்காவுக்குக் கொடுக்கவே கொடுக்காதே. மாத்திரையோடு அது என்ன செய்யும் என்று நீயோ நானோ சொல்ல முடியாது. கோபித்துக்கொள், பரவாயில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று கை துடிக்கிறது உனக்கு, தெரியும். ஒரு வேலை இருக்கிறது. அந்த ஊசி சிலருக்குத் தாடை எலும்பைப் பாதிக்கும். அதனால் முதல் ஊசிக்கு முன்பே பல்லைக் காட்டிவிட வேண்டும். அக்காவின் கடைவாய்ப் பல் தீபாவளியிலிருந்தே ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த வாரமே நீ கூட்டிக்கொண்டு போ. மாமாவை நம்பாதே, அவர் ஆட்டோவுக்குப் பேரம் பேசியே மணி பன்னிரண்டாக்கிவிடுவார்.

சனிக்கிழமை காலை வண்டிக்கு நான் வருகிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதை நீயும் ஒரு தாளில் எழுதி வை.

அன்புடன்,
உன் கோமு