சமூகவியல் கோட்பாடும் செய்முறை நோட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூகவியல் பாடத்திட்டம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, சமூகவியல் கோட்பாட்டின் முன்னோடிகளான மார்க்ஸ், துர்கைம், வெபர் ஆகியோரைப் படிப்பது நம் மாணவர்களுக்கு இனித் தேவையற்ற சுமை என்று கூறுகிறது. கல்லூரியில் சமூகவியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை. பத்து மதிப்பெண் வினாவுக்கு ஏற்றபடி அந்த அறிஞர்களைத் துண்டு துண்டாக்கி, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடும் நோட்ஸ்களையே நான் சுமை என்பேன்.

அந்தத் தொடர்பைக் காட்ட மதுரை வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது. ஒரு சமூகத்தை எது பிணைத்து வைக்கிறது என்ற கேள்வியை, 1893இல் உழைப்புப் பிரிவினை பற்றிய நூலில் எமில் துர்கைம் எழுப்பினார். அவருடைய சகோதரி மகன் மார்செல் மோஸ், கொடுப்பதும் பெற்றுக்கொள்வதும் திருப்பிச் செய்வதும் விருப்பம்போல் நடப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் கடமைகளே என்று, 1925இல் வெளிவந்த கொடை பற்றிய ஆய்வில் நிறுவினார். மோஸிடம் பயின்ற பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன், 1949, 1950ஆம் ஆண்டுகளில் தமிழகத்தில் தங்கி, மதுரைக்கு மேற்கே வாழும் பிரமலைக் கள்ளர் சமூகத்தை ஆராய்ந்து 1957இல் பிரெஞ்சில் நூல் வெளியிட்டார். தாய்மாமன் சீரை உடன்பிறந்தாள் மீதுள்ள பாசத்தின் அடையாளமாகவே நாம் காண்கிறோம். துய்மோனோ, கொண்டு கொடுத்த இரு குடும்பங்களின் சம்பந்த உறவு அடுத்த தலைமுறையிலும் தொடர்வதன் வடிவம் அது என்று விளக்கினார். காதுகுத்துக்கும் சடங்குக்கும் வந்த செய்முறையை, அதாவது மொய்யையும் சீரையும், எழுதிவைத்த நோட்டு வீட்டுப் பீரோவில் இருக்க, மோஸின் வாதம் நம் மாணவருக்கு எப்படி அந்நியமாகும்? வகுப்பில் நான் மோஸை அந்த நோட்டிலிருந்தே தொடங்குவது வழக்கம். அப்போது மாணவியரே அதிகம் பேசுவார்கள். பிறந்த வீட்டிலிருந்து வந்தது எவ்வளவு, இன்னும் திருப்பிச் செய்யாதது எவ்வளவு என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள்.

துய்மோன் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டும் என்பதல்ல என் வாதம். 1966இல் வந்த நூலில் அவர் சாதியின் அடிப்படையைத் தூய்மை, தீட்டு என்ற எதிர்வில் கண்டு, அதிகாரத்தை அதற்குக் கீழே வைத்தார். ஒடுக்கப்பட்டவரின் இடத்திலிருந்து பார்த்தால் சாதி எப்படித் தெரியும் என்பதற்கு அவர் போதிய இடம் தரவில்லை என்ற கண்டனம் முற்றிலும் நியாயமானது. ஆனால் வர்க்கம், சமூக மதிப்பு, அதிகாரம் ஆகியவற்றை வெபர் ஏன் பிரித்துப் பார்த்தார் என்று அறியாத மாணவருக்கு அந்தக் கண்டனத்தின் வலிமை விளங்காது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, அண்ணல் அம்பேத்கரைக் கோட்பாட்டுத் தாளில் சேர்க்காமல் ‘இந்தியச் சிந்தனையாளர்கள்’ என்று தனியே ஒதுக்கிவிடும் வழக்கம். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை, சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணமே சாதியின் சாரம் என்று நிறுவியது; சாதி பரவிய விதத்தை விளக்க, துர்கைமோடு கடுமையாக வாதிட்ட பிரெஞ்சுச் சமூகவியலாளர் காப்ரியேல் தார்துவின், ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்வது பற்றிய ‘பாவனை விதிகளை’ அவர் எடுத்தாண்டார். துர்கைம் உயிரோடு இருந்த காலத்திலேயே எழுதப்பட்ட அக்கட்டுரைக்கு, துர்கைமுக்கு அடுத்த பாடமாக இருக்கும் தகுதி உண்டு.

அம்பேத்கரின் இக்கட்டுரையையும் மோஸின் ஆய்விலிருந்து சில பக்கங்களையும் தமிழில் மூலப்பாடமாகச் சேர்த்து, அவற்றோடு மாணவர் தம் ஊரில் திரட்டும் செய்திகளுக்கும் மதிப்பெண் ஒதுக்குமாறு பாடத்திட்டக் குழுவினரைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகவியல் ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.