சாகாத பன்றியின் நஷ்டம்

சேலம் மாவட்டத்தில் வெண்பன்றி வளர்க்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். 2022-இல் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று செய்தி வந்ததும் கொட்டில் வாசலில் சுண்ணாம்பு கொட்டினோம். வியாபாரியைத் தெருவிலேயே நிறுத்தினோம். நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே உள்ளே படுத்திருக்கும் குடல் நோயை என்ன செய்தோம்? செத்த பன்றிக்கு அழுகிறோம். தின்றுகொண்டே எடை ஏறாமல் நிற்கிற பன்றிதான் நம்மைக் கடனாளி ஆக்குகிறது.

ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்று 90 கிலோ, பக்கத்தில் நிற்பது 65. இனம் சரியில்லை என்போம், தீவனமாகப் போடும் மரவள்ளித் திப்பி புளித்துவிட்டது என்போம். போன தை மாதம் அப்படி ஒன்றை அறுத்தபோது கூடவே நின்று பார்த்தேன். சிறுகுடலின் கடைசிப் பகுதி தோட்டத்து ரப்பர் குழாய்போல் தடித்துக் கிடந்தது, அழுத்தினால் மடங்கவில்லை. இது பெரும்பாலும் லாசோனியா என்ற பாக்டீரியாவின் வேலை என்றார் கால்நடை மருத்துவர். குடல் சுவரின் செல்லுக்குள்ளேயே அது பெருகுமாம். சுவர் தடித்தால் தின்ற தீவனம் உடம்பில் ஒட்டாது. பல பன்றிகளுக்குக் கழிச்சல்கூட இருக்காது. ஈரலிலும் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். உருளைப்புழுவின் இளம்புழுக்கள் போன தடம்.

கணக்குக்கு வருவோம். 20 கிலோ குட்டி 90 கிலோ ஆக வேண்டும். ஒரு கிலோ எடை ஏற 3 கிலோ தீவனம் என்றால் 210 கிலோ. குடல் கெட்டு அது 3.4 ஆனால் 238. தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு பன்றிக்கு 840 ரூபாய், ஐம்பது பன்றிக்கு 42,000. கூடுதலாகக் கொட்டிலில் நிற்கும் நாட்களை இதில் சேர்க்கவில்லை. ஓட்டல் மிச்சம் சும்மா கிடைக்கிறதே என்பவர்கள் வண்டி வாடகையை எழுதிப் பார்க்கட்டும்.

தீவனத்தில் ஏதாவது பொடியைக் கலந்தால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதை 2019-இலேயே அரசு தடை செய்துவிட்டது; வேறெந்த மருந்துக்கும் நோய் கேட்காதபோது மனிதருக்குக் கொடுக்கும் மருந்து அது. முதலில் சாணத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு, அவர் எழுதுவதை வாங்குங்கள். மாதம் ஒருமுறை எடை போட்டு, தின்ற தீவனத்தையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

என் தராசைக் கேட்டு வராதீர்கள், தரமாட்டேன். கோபமும் வேண்டாம். உங்கள் கொட்டில் சாணம் அதில் ஒட்டிக்கொண்டு என் குட்டிகளிடம் வந்துவிடும். என் கொட்டில் சாணமும் உங்களுக்கு வேண்டாம்.

ஆத்தூர்ப் பக்கத்துப் பன்றி வளர்ப்பாளன் ஒருவன்