செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்கள் வழக்கம்போல நிறைய.

செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை போதிய ஆள் இல்லாமல் கலைந்தது. விதைப் பரிமாற்றம் நடந்தது. செடிகளின் கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்துப் பயிற்சி நடந்தது. சிறுவர் ஓவியப் போட்டி மழையால் தள்ளிப்போய், அப்புறம் நடக்கவே இல்லை.

இனி, மீன் குளம். ஆளாளுக்கு ஒன்று பேசிவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன வருடம் குளம் பச்சை பெயின்ட் கரைத்த மாதிரி கிடந்தது. எல்லாம் பாசி. அதைக் கொல்ல மருந்து போடலாம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அம்மோனியா வருகிறது. கல்லிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. பாசி கொழுப்பது அதைத் தின்றுதான். மருந்தில் செத்த பாசியும் அழுகி மறுபடி உரமாகிவிடும். அந்தச் சத்தை வேறு செடி முந்திக்கொண்டால் பாசி பட்டினி. என் திட்டம் இவ்வளவுதான்.

தண்ணீருக்குள் வேலம்பாசி விட்டோம். பெயரில்தான் பாசி, அது நீருக்குள் வளரும் செடி; தண்ணீரிலிருந்து உடம்பாலேயே சத்தை உறிஞ்சும். மேலே நிழலுக்கு ஆகாயத்தாமரை. தொட்டிகளில் களிமண் நிரப்பி அல்லி. முதல் தொட்டியில் மண்மேல் கூழாங்கல் பரப்ப மறந்தேன். மீன்கள் இரண்டே நாளில் கிளறி, தண்ணீர் டீ நிறமானது. அது என் தவறுதான். ஆனால் ஆறாவது வாரம் குளத்தின் அடியில் ஒரு துருப்பிடித்த சாவி தெரிந்தது. சங்க அலமாரிச் சாவி! தொலைத்தது யார் என்று மூன்று கூட்டங்களில் சண்டை போட்டோமே, அதேதான். தண்ணீர் எவ்வளவு தெளிந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, ஏழு மீன் செத்த கதைக்கு வருகிறேன். “செடியைப் போட்டு மீனைக் கொன்றுவிட்டார்” என்று என் காதுபடவே சொன்னார்கள். செடி பகலில்தான் ஆக்சிஜன் விடும். இரவில் அதுவும் நம்மைப் போல ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரத்தில்தான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. வெயில் காலத்துச் சூடான தண்ணீரில் அது கரைவதும் குறைவு. அதோடு ஆகாயத்தாமரை குளம் முழுக்க மூடிக்கொண்டால், மேலிருந்து காற்றும் சேராது, கீழே வேலம்பாசிக்கு வெளிச்சமும் போகாது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பாதிக்குமேல் மூடவிடாதீர்கள் என்று பலகையிலேயே எழுதி வைத்திருந்தேன். ஞாயிறுதோறும் அள்ள 12 பேர் பெயர் கொடுத்தீர்கள். நான் ஊரில் இல்லாத மூன்று வாரத்தில் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட வரவில்லை. பட்டியல் கையில் இருக்கிறது, வாசிக்கப் போவதில்லை. பட்டியலில் இல்லாத பொருளாளர்தான் ஒரு நாள் வந்து அள்ளினார், பாவம். கரையிலேயே குவித்துவிட்டுப் போனார். மழையில் அழுகல் சாறெல்லாம் குளத்துக்கே திரும்பியது. அள்ளியது உரக்குழிக்குப் போக வேண்டும். ஏரியிலோ ஓடையிலோ கொட்டவே கூடாது, அங்கேயும் பரவித் தொலைக்கும்.

இப்போது இரவில் காற்று பம்பு ஓடுகிறது. அதன்பின் ஒரு மீனும் சாகவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். கையிருப்பு இருக்கிறது, பெரிதாக இல்லை. ‘இதர செலவுகள்’ பெரும்பாலும் குளத்துக்குத்தான். கேட்பவர்களுக்குத் தனியே விளக்குகிறேன். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களில் சிலர் அல்லிப் பூவோடு படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். எடுக்கட்டும்.

தலைவர், துணைத் தலைவர், தணிக்கையாளர், செயற்குழு உறுப்பினர்கள், காவலாளி அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கு இல்லை. யாராவது முன்வந்தால் பதிவேட்டையும் நீளப்பிடி வலையையும் இன்றே கொடுத்துவிடுகிறேன். வராவிட்டால் அப்புறம் பார்க்கலாம். அல்லிக் கிழங்குகள் தொட்டியை அடைத்துவிட்டன, பிரித்து நட வேண்டும். வரும் ஞாயிறு காலை 7 மணி. முழங்கால் அளவு தண்ணீர்தான். ரசீது புத்தகத்தையும் கையோடு கொண்டுவருவேன்.